“எனக்கென்ன விசரோ?”

[காட்சி: கனடாவின் ஸ்கார்பரோ, ஜனவரி. குடும்ப வைத்தியரின் அறை. அம்மா, பக்கத்தில் மகன்.]

குரல்: நித்திரை எப்படி என்று டொக்டர் கேட்கிறார். அம்மா சொல்கிறார்: “எங்க வருது? நெஞ்செல்லாம் எரியுது. விடிய விடிய யோசினைதான்.” மகன் ஆங்கிலத்தில் சொன்னது நெஞ்செரிவை மட்டும். வயிற்றுக்குக் குளிசை வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள்.

தொலைந்துபோனது ‘யோசினை’. யாழ்ப்பாணத்து அம்மாவுக்கு அது சும்மா சிந்தனை இல்லை. பூட்டிக் கிடக்கிற வீடு, ஊரில் தனியாக இருக்கிற தங்கச்சி, திரும்பத் திரும்ப அதே சுற்று. காரணம் தெரிந்த துக்கத்துக்கு மருந்து எதுக்கு என்பது அவர் கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பிழை: எப்படி விழுந்தோம் என்று தெரியும் என்பதற்காக முறிந்த காலுக்குக் கட்டுப் போடாமல் விடுகிறோமா?

[காட்சி: கேள்வித்தாள், ஒரு பேனை.]

குரல்: முதியோர் மனச்சோர்வு அளவுகோல் அமெரிக்காவில் உருவானது. 1986இல் 15 கேள்விகளாகச் சுருக்கினார்கள். அதில் ஒன்று: வெளியே போய்ப் புதிதாக ஏதாவது செய்வதைவிட வீட்டில் இருக்கத்தான் விருப்பமா? “ஓம்” என்றால் ஒரு புள்ளி; புள்ளி கூடினால் மனச்சோர்வு என்று சந்தேகம். வெளியே முழங்கால் அளவு ஸ்னோ, பஸ் ரூட் தெரியாது, பேரன் பள்ளிக்கூடத்தால் வரும் நேரம். வேறென்ன சொல்வார்? வாழ்க்கையில் திருப்தியா என்றால் மட்டும், “முருகன் புண்ணியத்தில குறையில்லை.” அதற்குப் புள்ளி இல்லை!

கொரியர்களிடம் ‘ஹ்வாபியொங்’ என்று ஒரு சொல் உண்டு, ‘தீ நோய்’. விழுங்கிய கோபம் நெஞ்சில் சூடாக, கட்டியாக அடைப்பது. 1994இல் அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் பின்னிணைப்பிலும் அது ஏறியது. கொரியப் பாட்டி கூச்சப்படாமல் சொல்லலாம். எங்களிடமோ ‘மனநோய்’ என்றதும் நேரே ‘விசர்’, பைத்தியம்தான். பிறகு யார் வாய் திறப்பார்?

மகனை வைத்து மொழிபெயர்ப்பதும் சிக்கல்தான். தாயைக் கனடாவுக்கு ஸ்பொன்சர் செய்து கூப்பிட்ட மகன், ஒன்ராறியோவில் 20 வருடம் தாயின் செலவுக்குப் பொறுப்பு. அரசின் முதியோர் ஓய்வூதியத்துக்கே குறைந்தது 10 வருடம் கனடாவில் வாழ்ந்திருக்க வேண்டும். அவன் சாப்பாட்டைச் சாப்பிட்டுக்கொண்டு அவன் முன்னாலேயே “எனக்குச் சந்தோசமில்லை” என்று எந்தத் தாய் சொல்வாள்?

[காட்சி: அதே அறை. மகன் வெளியே. தமிழ் பேசும் மொழிபெயர்ப்பாளர்.]

குரல்: இந்தமுறை கேள்வி வேறு. “அம்மா, என்ன யோசினை?”

அம்மா வாசல் பக்கம் பார்க்கிறார்.

“பிள்ளை, அந்தக் கதவை ஒருக்காச் சாத்திவிடு.”