ஓதம் ஏறிய சுவர்: மறைக்காமல் அழகாக்கும் வழி

(காட்சி: சுவரின் அடிப்பகுதி. பெயிண்ட் பொரிந்து, வெள்ளைத் தூள் பூத்திருக்கிறது.)

பழைய வாடகை வீடுகளில் தரையிலிருந்து ஏறத்தாழ மூன்றடி உயரம் வரை பெயிண்ட் பொரிந்து உதிர்வதைப் பார்த்திருப்பீர்கள். அடித்தளத்தில் ஈரத்தடுப்பு இல்லாத சுவரில், செங்கல்லின் நுண்துளைகள் வழியாக மண்ணின் ஈரம் மேலேறுகிறது, இதுதான் ஓதம்; அது மேற்பரப்பில் உலரும்போது, கரைந்து வந்த உப்பு படிகமாகி, பெயிண்டை உள்ளிருந்து தள்ளி உரிக்கிறது.

இதை மறைக்கப் பலரும் முதலில் வாங்குவது ஒட்டும் வால்பேப்பர். வாங்கும்போது மலிவுதான்; ஆனால் ஈரம் வெளியேற வழியின்றித் தாளுக்குப் பின்னால் பூஞ்சை பிடிக்கும். பீரோவைச் சுவரோடு ஒட்டி வைத்தாலோ, பூஞ்சை நாற்றம் துணிகளிலும் ஏறிவிடும்.

(காட்சி: சுவரில் நான்கு பக்கமும் டேப் ஒட்டிய பிளாஸ்டிக் தாள்.)

செலவு செய்யும் முன், இப்படி ஒரு தாளை ஒட்டி இரண்டு நாள் விட்டுப் பாருங்கள். சுவரை ஒட்டிய பக்கத்தில் நீர்த்துளி கோத்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கத்தில் கோத்தால் அது அறைக்காற்றின் ஈரம், சன்னலைத் திறந்து வைத்தாலே குறையும். ஒரே இடத்தில் திட்டாக, கோடையிலும் காயாமல் இருந்தால் குழாய்க் கசிவைச் சந்தேகிக்க வேண்டும். அது வீட்டு உரிமையாளரிடம் பேச வேண்டிய செலவு.

(காட்சி: நூல் பிடித்துக் கோடு போடுதல்.)

உரிமையாளரின் ஒப்புதலோடு, மூன்றடியில் நூல் பிடித்துக் கோடு போட்டு, அதற்குக் கீழே உள்ள பெயிண்டை மட்டும் முழுதாகச் சுரண்டி எடுங்கள். உப்பை உலர்ந்த பிரஷ்ஷால் தட்ட வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போய்விடும். பிறகு, நீற்றிய சுண்ணாம்பை வடிகட்டி, காவிப்பொடியும் சிறிதளவு பசையும் சேர்த்து, மோர்ப் பதத்தில் கரைத்து, சுவரை லேசாக நனைத்துவிட்டு, மெல்லிய பூச்சாக மூன்று முறை, ஒவ்வொன்றும் காய்ந்த பின் அடியுங்கள். அடித்தவுடன் சுவர் தெரியும். காயக் காயத்தான் நிறம் எழும். பளிச்சென்ற சாயப்பொடிகள் பல சுண்ணாம்பின் காரத்தில் வெளுத்துவிடும், காவி நிற்கும். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் ஆபத்து. கண்ணாடியும் கையுறையும் அணிந்தே வேலை செய்ய வேண்டும்.

எமல்ஷன் பெயிண்டைப் போலன்றிச் சுண்ணாம்புப் பூச்சு ஈரத்தை வெளியே விடுகிறது. ஓதம் இதனால் நின்றுவிடாது. ஆனால் பழுதுபட்ட பகுதியே வேண்டுமென்று போட்ட காவிப் பட்டையாகத் தெரியும். சாய்ந்து உட்கார்ந்தால் சட்டையில் கொஞ்சம் ஒட்டும் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

மேல்சுவரின் மேடுபள்ளங்களுக்குப் பட்டி பார்க்கப் பணம் வேண்டாம். அதே சுவரில் உயரத்தில் மாட்டிய டியூப்லைட் ஒளியைச் சுவரை ஒட்டியே வீசுவதால்தான் ஒவ்வொரு புடைப்புக்கும் நிழல் விழுகிறது. விளக்கை எதிர்ச்சுவருக்கு மாற்றி, இளமஞ்சள் ஒளி தரும் 3000 கெல்வின் எல்இடி பல்பைப் போட்டால் பெரும்பாலானவை கண்ணில் படாது. ஓதம் மீண்டும் உப்புப் பூக்கும்போது, கோட்டுக்குக் கீழே சுரண்டி, அதே காவியை மறுபடி அடித்தால் போதும்.