அச்சாணி இல்லாத தேர்

(எங்கள் ஊர் வாசகர் வட்ட ஆண்டு விழாவில் பேசியது. கேட்ட நண்பர்கள் விரும்பியதால் எழுதித் தருகிறேன்.)

விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் நூலகர் அவர்களே, முன்னிலை வகிக்கும் ஊராட்சி மன்றத் தலைவர் அம்மா அவர்களே, வாழ்த்த வந்திருக்கும் பங்குத்தந்தை அவர்களே, நாற்காலிகளை எல்லாம் பள்ளிவாசலிலிருந்து எடுத்துக்கொள்ளச் சொன்ன ஜமாத் தலைவர் அவர்களே, தேவஸ்வம் பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற என் தமிழாசிரியர் ஐயா அவர்களே, பணி முடிந்து வீட்டுக்குப் போகாமல் நேரே இங்கே வந்திருக்கும் காவல் உதவி ஆய்வாளர் அவர்களே, தாய்மார்களே, பெரியோர்களே, மக்கா, உங்கள் எல்லாருக்கும் வணக்கம்.

தலைவர் அம்மாவுக்குத் தனியாக ஒரு நன்றி. வாசகசாலையில் இரண்டு வருடமாக எரியாத விளக்கு போன மாதம் எரிந்தது. அவர் ஒரே ஒரு போன்தான் செய்தார் என்று கேள்விப்பட்டேன். பங்குத்தந்தை அவர்கள் கோயில் பாடகர் குழுப் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்திருக்கிறார். அவர்களுக்காகத்தான் இந்தத் தலைப்பை எடுத்தேன். உதவி ஆய்வாளர் அவர்கள் வந்தது எனக்குப் பெரிய விஷயம். ஏன் என்று பிறகு தெரியும்.

நான் படித்தவன் இல்லை. நாற்பது வருடம் குமரி மாவட்டத்துத் தக்கலையில் ஒர்க்‌ஷாப்பில் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தவன். மேடையில் ஏறினால் ஒரே ஒரு பழமொழியைத்தான் சொல்லுவேன் என்று உங்களுக்குத் தெரியும். அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. இன்றைக்கும் அதுதான்.

நான்கு செய்திகளைச் சொல்ல வந்திருக்கிறேன். ஒன்று வண்டி. இரண்டு ரோடு. மூன்று ஓட்டுகிறவருடைய உடம்பும் தூக்கமும். நான்கு சட்டம். ஒரு விபத்து நடந்தால் இந்த நான்கையும் பார்க்க வேண்டும். இங்கே எதைப் பார்க்கிறோம் என்பதுதான் என் கேள்வி.

என் இளைய மகன் கிட்டார் படிக்கிறான். ஒருநாள் ஒரு படத்தைக் காட்டினான். சுருட்டை முடி, கன்னத்தில் மினுமினுப்பு ஒட்டிய ஒரு வெள்ளைக்காரப் பையன். மார்க் போலன் என்று பெயர். சொந்தப் பெயர் மார்க் ஃபெல்ட், லண்டன்காரர். டி. ரெக்ஸ் என்ற ராக் குழுவில் பாடியதும் கிட்டார் வாசித்ததும் அவர்தான். 1971ல் இங்கிலாந்துப் பிள்ளைகள் அவர் பின்னால் பைத்தியமாக அலைந்திருக்கிறார்கள். பாட்டில் எல்லாம் காரைப் பற்றி எழுதினவர், வீட்டில் கார்கள் வைத்திருந்தவர், ஆனால் கார் ஓட்டப் படிக்கவே இல்லை. சின்ன வயதில் செத்துப்போவோம் என்று ஒரு பயம்.

1977 செப்டம்பர் 16, வெள்ளிக்கிழமை, விடிய இன்னும் நேரம் இருக்கிறது. லண்டன் நகரத்துக்குள் ஒரு விருந்து முடிந்து ஊதா நிற மினி 1275 ஜிடி காரில் வீட்டுக்குத் திரும்புகிறார். ஓட்டியவர் அவருடைய துணைவி, பாடகி குளோரியா ஜோன்ஸ். பார்ன்ஸ் என்ற இடத்தில், ரயில் பாதைக்கு மேலே முதுகு வளைந்த ஒரு சின்னப் பாலம். அதைத் தாண்டி இறங்கும்போது கார் கை மீறியது. கம்பி வேலியின் தூணில் இடித்து, சிக்கமோர் மரத்தில் போய் நின்றது. அங்கேயும் நம்மைப் போல ரோட்டின் இடது பக்கம்தான் ஓட்டுவார்கள். அதனால் ஓட்டாதவர் இருப்பது இடது பக்கம். அந்தப் பக்கம்தான் நசுங்கியது. போலன் அங்கேயே இறந்தார். முப்பது வயது நிறைய இரண்டு வாரம் இருந்தது. ஓட்டியவருக்குத் தாடையும் கையும் முறிந்தன. அவர்களுக்கு இரண்டு வயது நிறையாத ஒரு மகன் இருந்தான். வீடு பக்கத்தில்தான்.

இதில் இன்னொரு கதையும் சொல்லுவார்கள். பையனாக இருந்தபோது போலன், எடி காக்ரன் என்ற அமெரிக்கப் பாடகருடைய கிட்டாரைச் சுமந்துகொண்டு போய்க் கொடுத்தாராம். அந்தக் காக்ரனும் 1960 ஏப்ரலில் இங்கிலாந்தில் சிப்பென்ஹாம் ஊரில் வாடகைக் கார் விளக்குக் கம்பத்தில் மோதி, 21 வயதில் இறந்தார். இதைக் கேட்டதும் நம் ஆட்கள் என்ன சொல்லுவார்கள்? விதி, ரெண்டு பேருக்கும் ஒரே தலையெழுத்து என்பார்கள். விதி என்று சொல்லிவிட்டால் அப்புறம் யாரும் வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்க வேண்டாம் அல்லவா!

அங்கே குனிந்து பார்த்தார்கள். அதுதான் எனக்கு முக்கியம். நொறுங்கிக் கிடந்த அந்த மினியை ஆராய்ந்தபோது, ஒரு டயரில் காற்று இருக்க வேண்டிய அளவைவிட ரொம்பக் குறைவு. ஒரு சக்கரத்தில் இரண்டு நட்டுகள் விரலால் முறுக்கிய அளவுக்குத்தான் இருந்தன. ஸ்பேனர் படவில்லை. கொஞ்ச நாள் முன்னால்தான் அந்தக் கார் சர்வீசுக்குப் போய் வந்திருந்தது. இரண்டு பேரும் சீட் பெல்ட் போடவில்லை. முன் சீட்டில் பெல்ட் போடுவதை அந்த நாட்டில் 1983 ஜனவரி 31 முதல்தான் கட்டாயமாக்கினார்கள். மரண விசாரணையில், இது விபத்து மரணம் என்று முடிவு சொன்னார்கள். ஆனால் நட்டு, காற்று, பெல்ட், பாலம், தூண் எல்லாம் தாளில் ஏறிவிட்டது. இத்தனை வருடம் கழித்து, தக்கலையில் இருக்கிற ஒரு மெக்கானிக் அதை எடுத்துப் பேச முடிகிறது.

விரலால் முறுக்கிய நட்டு என்று மகன் வாசித்துக் காட்டியபோது நான் எழுந்து வெளியே போய்விட்டேன். ஏன் என்று சொல்கிறேன்.

1986, பங்குனி மாதம். எனக்குப் பத்தொன்பது வயது. ஒர்க்‌ஷாப்பில் எடுபிடி. அப்போது நம் பகுதியில் கானமேளா, அதாவது மேடைப் பாட்டுக் கச்சேரி, இல்லாத திருவிழா கிடையாது. எங்கள் ஊர்க் குழுவில் ஒரு கிட்டார் அண்ணன் இருந்தார். பெயரை விடுங்கள், பழைய ஆட்களுக்கு யார் என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் பாடகர் குழுவுக்கு வாசிப்பார், வெள்ளிக்கிழமை அம்மன் கொடையில் வாசிப்பார், நடுவில் சந்தனக்கூடு வந்தால் அங்கேயும் வாசிப்பார். அவர் கிட்டாரை எடுத்துக்கொண்டு தெருவில் நடந்தால் பிள்ளைகள் பின்னாலேயே போவோம். முன்வரிசைப் பிள்ளைகளே, உங்களுக்கு இன்றைக்குக் கிட்டார் என்றால் பத்து வீட்டுக்கு ஒன்று. அன்றைக்கு நாலு ஊருக்கு அது ஒன்றுதான்.

அன்று மத்தியானம் குழுவின் மெட்டடோர் வேன் எங்கள் ஒர்க்‌ஷாப்புக்கு வந்தது. முன்பக்கம் இடது டயர் பஞ்சர். குலசேகரம் பக்கம் ஒரு கோயிலில் ராத்திரி நிகழ்ச்சி. அவசரம். எனக்கு வேலை சொல்லித்தந்த ஒர்க்‌ஷாப் ஆசான் அதை என்னிடம் விட்டுவிட்டார். நான் ஜாக்கி போட்டுச் சக்கரத்தைக் கழற்றி, ஒட்டிக் கொண்டுவந்து மாட்டினேன். அண்ணன் பக்கத்தில் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்து கம்பிகளைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்தார். கையிலிருந்த ரசவடையில் பாதியைப் பிய்த்து, என் கை கிரீஸாக இருந்ததால் வாயிலேயே வைத்தார். “ராத்திரி வாறியாலே? முன்னால இடம் பிடிச்சுத் தாறேன்” என்றார். ஆசான் விடமாட்டார் என்றேன். “நான் கேக்கேன்” என்றார். ஆசானிடம் கேட்கவும் செய்தார். ஆசான் விடவில்லை. விட்டிருந்தால் நானும் அந்த வேனில்தான் இருந்திருப்பேன்.

நட்டுகளைக் கையால் முறுக்கி வைத்துவிட்டு, ஜாக்கியை இறக்கி, வீல் ஸ்பேனரை எடுத்தேன். மூன்று நட்டை மிதித்து முறுக்கியது நன்றாக நினைவிருக்கிறது. அப்போது ஆசான் உள்ளே இருந்து, “மக்கா, அந்த ஜாக்கியை இங்க கொண்டு வாலே” என்று சத்தம் போட்டார். ஓடினேன். திரும்பி வந்து மீதி இரண்டையும் முறுக்கினேனா? முறுக்கினேன் என்று ஒருநாள் தோன்றும். இல்லை என்று ஒருநாள் தோன்றும். முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் ஆகிவிட்டது.

விடியற்காலம் மூன்று மணி இருக்கும். சானல்கரை ரோட்டில், அதாவது கால்வாய்க் கரை ரோட்டில், ஒரு ஒடுக்கமான சானல் பாலம் ஏறி இறங்கின இடத்தில், வேன் இடது பக்கம் இழுத்துக்கொண்டு போய் அயனி மரத்தில் மோதியது. முன் சீட்டில் இடது பக்கம் அண்ணன் இருந்தார். அவர் ஒருவர்தான் போனார். மற்றவர்களுக்குக் கை, கால். நான் சைக்கிளை மிதித்துக்கொண்டு போனேன். கிட்டார் ஒரு கீறலும் இல்லாமல் பின்சீட்டில் கிடந்தது. இடது சக்கரம் தனியாக, கீழே வாழைத்தோட்டத்துக்குள் கிடந்தது.

மோதியதில் சக்கரம் பிய்ந்ததா, சக்கரம் கழன்றதால் மோதியதா? அந்தச் சக்கரத்தை யாரும் கையில் எடுத்துப் பார்க்கவில்லை. டிரைவர் தூக்கக் கலக்கத்தில் அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும் ஓட்டினார் என்று எழுதினார்கள். இயந்திரக் கோளாறு இல்லை என்று ஒரு தாள் வந்தது. வண்டி ஸ்டேஷன் பக்கத்தில் துருப்பிடித்து, கடைசியில் எடைக்குப் போனது. டிரைவர் கோர்ட்டுக்கு நடந்து நடந்து ஓய்ந்துபோனார். சாகும் வரைக்கும் என்னைப் பார்க்கும்போதெல்லாம் ஒன்றுதான் சொல்லுவார். “மக்கா, நான் தூங்கல்ல. ஸ்டியரிங் இடது பக்கம் இழுத்துது.” நான் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவேன். ஸ்பேனர் விஷயத்தை அவரிடமும் சொல்லவில்லை, அண்ணனுடைய வீட்டிலும் சொல்லவில்லை. இந்த மேடைக்கு வரும் முன், போன வாரம், அண்ணனுடைய தங்கையிடம் போய்ச் சொன்னேன். இப்போது உதவி ஆய்வாளர் முன்னிலையில் ஊரறியச் சொல்கிறேன்.

அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது. அந்த வேன் எத்தனையோ மைல் ஓடியது. அப்படியானால் நட்டு இறுக்கமாகத்தான் இருந்ததா? பாலத்தில் ஏறிக் குதிக்கும் வரைக்கும் தளர்ந்த நட்டு தாங்கியிருக்குமா? ஒரு ஆள் அரை மணி நேரம் நட்டு ஏறுகிற அந்த ஸ்டட்டுகளின் மரையைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பிய்ந்து போன மரை ஒரு மாதிரி இருக்கும், கழன்று போன மரை வேறு மாதிரி இருக்கும். இதை எந்த மெக்கானிக்கும் சொல்லுவான். டிரைவர் குற்றவாளியா, நான் குற்றவாளியா, இல்லை அந்தப் பாலமா என்று தெரிந்திருக்கும்.

ரோட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். விபத்து நடந்ததும் இங்கே முதலில் மரத்துக்குத்தான் கோடாலி தூக்குகிறார்கள். அந்த அயனியை ஒரு மாதத்தில் வெட்டிவிட்டார்கள். பாலம் அப்படியே இருந்தது! பார்ன்ஸில் அந்த மரத்தைச் சுற்றியே நினைவிடம் வைத்திருக்கிறார்கள். ரசிகர்கள் ஒரு குழு அமைத்து, படிக்கட்டுக் கட்டி, 2002ல் போலனுடைய வெண்கலச் சிலையையும் வைத்தார்கள். அவருடைய மகனே வந்து திறந்தார். ரோட்டின் வடிவத்தில் கோளாறு இருந்து ஆள் இறந்தால், போட்ட ஒப்பந்தக்காரருக்கும் பொறுப்பான துறைக்கும் அபராதம் உண்டு என்று நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் 2019ல் 198ஏ என்று ஒரு பிரிவைச் சேர்த்திருக்கிறார்கள். ரோட்டைப் பார்த்து யாராவது எழுதினால்தானே அந்தப் பிரிவு உயிர்பெறும்?

காவல் துறையை நான் குறை சொல்லவில்லை. உதவி ஆய்வாளர் ஒரே நாளில் எத்தனை வேலை பார்க்கிறார் என்று எனக்குத் தெரியும். இப்போது சென்னை ஐஐடி செய்து கொடுத்த ஒரு கணினி முறை இருக்கிறது. போலீஸ், பிரேக் இன்ஸ்பெக்டர், நெடுஞ்சாலைத் துறை, ஆஸ்பத்திரி என்று நான்கு பேரும் அதில் விவரம் ஏற்ற வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் அது உள்ளே போகிறது, ஊருக்குத் திரும்பி வருவதில்லை. பாறையும் எம்-சாண்டும் ஏற்றிக்கொண்டு களியக்காவிளை வழியாகப் போகிற டாரஸ் என்கிற பெரிய லாரிகள் இடித்து எத்தனை பேரை இழந்திருக்கிறோம். நாம் மறியல் செய்கிறோம், டிரைவரைப் பிடிக்கிறார்கள், மறுநாள் அதே லாரி, வேறு டிரைவர். அந்த லாரியின் பிரேக்கில் என்ன இருந்தது, எத்தனை டன் ஏற்றியிருந்தது, டிரைவர் எத்தனை மணி நேரம் தூங்காமல் இருந்தார்? அவருடைய உடம்பைப் பற்றி மட்டுமே ஒரு மணி நேரம் பேசலாம். அதைவிட, நாம் இன்று செய்ய வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

அக்டோபர் 2 கிராம சபை வருகிறது. தலைவர் அம்மா அவர்களே, உங்கள் முன்னால் ஒரு தீர்மானம் வைக்கப் போகிறோம். நம் ஊராட்சி எல்லைக்குள் சாலை விபத்தில் யார் இறந்தாலும், வண்டியில் என்ன கண்டார்கள், ரோட்டில் என்ன கண்டார்கள், ஓட்டியவரிடம் என்ன கண்டார்கள் என்று எழுதிய அறிக்கை, அடுத்து வரும் கிராம சபையில் சத்தமாக வாசிக்கப்பட வேண்டும். செத்தவர் பணக்காரரா, கானமேளாக்காரரா, ரப்பர் பால் வெட்டுகிறவரா என்று பார்க்கக் கூடாது. நம் ஊரில் தீர்மானம் போட்டுவிட்டால் திருவட்டாரிலும் வேர்க்கிளம்பியிலும் போய்க் கேட்பேன். மெக்கானிக்குகள் சார்பில் நான் ஒரு வாக்குத் தருகிறேன். விபத்து வண்டியைப் பார்க்க ஆள் வேண்டும் என்று காவல் நிலையத்திலிருந்து கூப்பிட்டால், எந்த நேரமானாலும் கூலி வாங்காமல் வருவேன். அச்சாணியைப் பார்த்துச் சொல்ல எனக்குத் தெரியும்.

வாசலில் மேசைமேல் மனு இருக்கிறது. முதல் கையெழுத்து அண்ணனுடைய தங்கை போட்டிருக்கிறார். அவருக்குக் கீழே இடம் விட்டிருக்கிறோம். பேரும் வீட்டு எண்ணும் தெளிவாக எழுதுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிமார்களுக்கு மை டப்பாவும் வைத்திருக்கிறோம். வணக்கம்.