பின்பால் மெஷினில் கால் ஆட்டம்: குறை எங்கே இருக்கிறது?

நேயர்களுக்கு வணக்கம். வீட்டில் பின்பால் மெஷின், அதாவது சாய்ந்த பலகையில் உலோகக் குண்டை உருட்டி ஆடும் விளையாட்டுப் பெட்டி, வைத்திருப்பவர்களை அடிக்கடி வாட்டும் தொல்லை கால் ஆட்டம். குண்டை அடிக்கும் ஃபிளிப்பரின் பொத்தானை வேகமாக அழுத்தினால் மொத்தப் பெட்டியும் பக்கவாட்டில் அசையும். லேசாகத் தட்டினாலே டில்ட், அதாவது பெட்டியை அசைப்பதைக் கண்டுபிடிக்கும் அமைப்பு, வேலை செய்து விளையாட்டு நின்றுவிடும். உடனே பலரும் ஸ்பானரை எடுத்துக் கால் போல்ட்டை இன்னும் ஒரு சுற்று முறுக்குவார்கள். தயவுசெய்து அதை முதல் வேலையாகச் செய்யாதீர்கள். பெரும்பாலும் குறை காலில் இருக்காது. காலுக்குப் பின்னால், பெட்டிக்குள்ளே, மூலைத் தகட்டிலோ மரத்திலோதான் இருக்கும். அதைக் கவனிக்காமல் வெளியிலிருந்து முறுக்க முறுக்க மரம் நசுங்கும், மரை தேயும்.

அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். பேலி, வில்லியம்ஸ், காட்லீப், ஸ்டெர்ன் என்று சிகாகோ வட்டாரத்தில் தயாரான முழு அளவு மெஷின்கள் சுமார் 110 முதல் 130 கிலோ எடை இருக்கும். அத்தனை எடையையும் நான்கு இரும்புக் கால்கள் தாங்குகின்றன. காலுக்கு 2 போல்ட், ஆக மொத்தம் 8. ஒவ்வொரு போல்ட்டும் பெட்டியின் மூலையைக் குறுக்காகத் துளைத்துக்கொண்டு உள்ளே போய், அங்கே குறுக்கே நிற்கும் இரும்புத் தகட்டின் மரையில் பிடிக்கிறது. அந்தத் தகட்டை மரத்தோடு சேர்த்து வைத்திருப்பவை சில மர ஸ்க்ரூக்கள். காலின் அடியில் உயரத்தைச் சரிசெய்யும் லெவலர், அதைப் பூட்ட ஒரு லாக் நட். ஆட்டம் இவற்றில் ஏதோ ஓர் இடத்தில்தான் பிறக்கிறது.

எந்த இடம் என்பதைக் கைவிரலே சொல்லிவிடும். மின்சாரத்தைப் பிளக்கோடு எடுத்துவிடுங்கள். ஒருவர் பெட்டியின் முன்பக்கத்தைப் பிடித்து மெதுவாக இடமும் வலமும் தள்ளட்டும். இன்னொருவர் காலும் மரமும் சேரும் விளிம்பில் விரல் நகத்தை வைத்துப் பார்க்கட்டும். கால் நகர்ந்து மரம் நகராமல் நின்றால் போல்ட்டோ தகடோ தளர்ந்திருக்கிறது. இரண்டு பலகைகள் சேரும் மூலையில் மெல்லிய கறுப்புக் கோடு திறந்து மூடினால், பெட்டியின் ஒட்டே விட்டுப்போயிருக்கிறது. இரண்டும் அசையாமல், ஏதோ ஒரு காலடியில் மட்டும் ஒரு தாளைச் செருகி எடுக்க முடிந்தால், கால் தரையில் ஊன்றவில்லை, அவ்வளவுதான். பின்பக்கம் மேலே நிற்கும் தலைப்பெட்டியையும் மறக்காமல் அசைத்துப் பாருங்கள். அதைப் பிடிக்கும் போல்ட் தளர்ந்திருந்தாலும் கால் ஆடுவது போலவே தோன்றும்.

எளிதானது லெவலர், அதை முதலில் முடித்துவிடலாம். முன் கால்களின் லெவலரை முழுக்க உள்ளே ஏற்றுங்கள். சரிவுக்காகப் பின் கால்களில் மட்டும் தேவையான அளவு வெளியே விடுங்கள். மரைத் தண்டு எவ்வளவு நீளம் வெளியே தெரிகிறதோ அவ்வளவுக்கு ஆட்டம் கூடும். வளைந்த லெவலரை நிமிர்த்தப் பார்க்காதீர்கள், மாற்றிவிடுங்கள். உயரம் அமைந்ததும் லாக் நட்டைக் காலின் அடித்தகட்டோடு இறுக்கிப் பூட்ட வேண்டும். அந்த நட் தளர்ந்து தொங்குவதை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம்.

அடுத்தது போல்ட். இது 3/8 அங்குலம், அங்குலத்துக்கு 16 மரை, நீளம் பெரும்பாலும் 2½ அங்குலம். மெட்ரிக் அளவு புழங்கும் ஊர்களில் ஒரு பொறி இருக்கிறது. கடையில் கிடைக்கும் 10 மில்லிமீட்டர் போல்ட் பார்வைக்கு இதே போல இருக்கும், ஆனால் இது 9.5 மில்லிமீட்டர்தான். அதை வலுக்கட்டாயமாக ஏற்றினால் தகட்டின் மரை அன்றோடு முடிந்தது. பழைய போல்ட் ஒன்றைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு வாங்குங்கள். தலை பல மெஷின்களில் 5/8 அங்குலம், அதற்கு 16 மில்லிமீட்டர் சாக்கெட் சரியாக உட்காரும். முதலில் இரண்டு போல்ட்டையும் கையாலேயே முழுக்க ஏற்றுங்கள். கையால் ஏறாவிட்டால் மரை கோணலாகப் பிடித்திருக்கிறது என்று அர்த்தம், எடுத்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். பிறகு சாக்கெட்டால் மேலே கொஞ்சம், கீழே கொஞ்சம் என்று மாற்றி மாற்றி இறுக்குங்கள். மணிக்கட்டு பலம் போதும். இம்பாக்ட் மெஷின் வேண்டவே வேண்டாம்.

இறுக்க இறுக்க முடிவே இல்லாமல் சுற்றுகிறதா? அப்போது உள்ளே பார்த்தே ஆக வேண்டும். முன்பக்க மூலைகளைக் காசு போடும் முன்கதவைத் திறந்து அதன் வழியாக டார்ச் அடித்துப் பார்க்கலாம். பின்பக்கத்துக்குக் கண்ணாடியை எடுத்து, குண்டுகளை ஒன்று விடாமல் வெளியே எடுத்து, விளையாட்டுப் பலகையைத் தூக்க வேண்டும். குண்டு உள்ளே இருக்கும்போது பலகையைத் தூக்கினால் அது உருண்டு பிளாஸ்டிக்குகளை உடைக்கும். தகட்டின் மரை போயிருந்தால் புதுத் தகடு போடுவதே நல்லது. அவசரத்துக்கு, நீளமான போல்ட் போட்டுத் தகட்டின் பின்னால் வாஷரும் நட்டும் கொடுக்கலாம். தகடு போல்ட்டுக்கு நேர் எதிராக நிற்பதால் நட் பதிந்து உட்காரும்.

மரை நன்றாக இருந்து தகடே ஆடினால் ஸ்க்ரூத் துளைகள் தளர்ந்துவிட்டன. பலரும் பெரிய ஸ்க்ரூவைத் திணித்து வேலையை முடிக்கிறார்கள். பார்ட்டிகிள் போர்டில் அது சில மாதம் கூடத் தாங்காது. தளர்ந்த துளையை 8 மில்லிமீட்டருக்கு அகலப்படுத்துங்கள், பலகையின் மறுபக்கம் வந்துவிடாமல் ஆழத்தை முன்பே துரப்பணத்தில் டேப் சுற்றிக் குறித்துக்கொள்ளுங்கள். மரப்பசை தடவி அதே கனமுள்ள கடின மரக் குச்சியை அடித்து இறக்குங்கள். ஒரு நாள் காயட்டும். பிறகு 2.5 மில்லிமீட்டரில் வழித்துளை போட்டு ஸ்க்ரூவை ஏற்றினால் புது மரத்தில் பிடிப்பது போலப் பிடிக்கும்.

மூலை ஒட்டு விட்டிருந்தால் வேலை கொஞ்சம் பெரியது. காலைக் கழற்ற வேண்டும். பின் கால் என்றால் தலைப்பெட்டியை மடக்கிப் படுக்க வையுங்கள். மின்னணுப் பலகைகள் வருவதற்கு முந்திய பழைய எலக்ட்ரோ மெக்கானிக்கல் மெஷின்களில் அது மடங்காது, கழற்றித்தான் இறக்க வேண்டும். கார் ஜாக்கியை நடு அடிப்பலகையில் வைத்துத் தூக்காதீர்கள், அந்தப் பலகை மெல்லியது. பெட்டியின் அகலத்துக்கு ஒரு கனமான கட்டையைக் குறுக்கே கொடுத்து, பக்கச் சுவர்களில் எடை விழும்படி தூக்குங்கள். தூக்கியதும் அடியில் முக்காலியோ மரக்கட்டையோ முட்டுக் கொடுத்த பிறகுதான் கை உள்ளே போக வேண்டும். இதற்கு இரண்டு பேர் அவசியம். பிளவில் பழைய பசைத் தூளைச் சுரண்டி எடுத்து, புதுப் பசையை மெல்லிய அட்டையால் உள்ளே செலுத்தி, கிளாம்ப் போட்டு 24 மணி நேரம் விடுங்கள்.

1976-ல் வந்த பேலியின் வீட்டு மாடல் ஃபயர்பால் போன்றவற்றில் பெட்டியே எடை குறைந்தது. அவற்றில் முதலில் மரத்தைத்தான் சந்தேகிக்க வேண்டும்.

எல்லாம் இறுகிய பிறகு மட்டம் பாருங்கள். ரசமட்டத்தைக் கண்ணாடி மேல் வைக்காமல் விளையாட்டுப் பலகை மேலேயே வையுங்கள். சரிவு பொதுவாக 6.5 டிகிரி. கோணம் காட்டும் கருவி இல்லையென்றால், 60 சென்டிமீட்டர் நீளத்துக்குச் சுமார் 6.8 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால் சரி. லெவலரின் ஒரு முழுச் சுற்று 1.6 மில்லிமீட்டர் ஏற்றும். ஒரு டிகிரி கூட்ட இரண்டு பின் கால்களிலும் ஏறக்குறைய 14 சுற்று தேவைப்படும். சரிவை மாற்றினால் டில்ட்டின் தூக்குக் குண்டும் இடம் மாறியிருக்கும். அது வளையத்தின் நட்டநடுவில் தொடாமல் தொங்கும்படி திருத்துங்கள். காலுக்கும் மரத்துக்கும் நடுவில் ஃபெல்ட் துணி வைத்திருந்தால் அது மெல்ல அமுங்கும். இரண்டு வாரம் கழித்து 8 போல்ட்டுகளையும் இன்னொரு முறை இறுக்கிவிடுங்கள். நன்றி, வணக்கம்.