எஸ்எஸ்டியை மாற்றிய பிறகும் டைம் அவுட் வருகிறதே, ஏன்?

அடுத்த கேள்வி தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து ஒரு தம்பி அனுப்பியது. படிக்கிறேன்: "அண்ணா, டர்பனில் ஒரு கணக்காளர் அலுவலகத்தின் லினக்ஸ் சர்வரை நான் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு என்விஎம்இ எஸ்எஸ்டி (வேகமான சேமிப்பு டிரைவ்), ரெய்டு 1 (இரண்டிலும் ஒரே தரவின் நகல்). வாரம் ஓரிரு முறை ஒரு டிரைவ் ரெய்டிலிருந்து கழன்றுவிடுகிறது. பதிவில் டைம் அவுட் (குறித்த நேரத்தில் பதில் வரவில்லை), பிறகு ரீசெட் (மீண்டும் தொடக்குதல்) என்று இருக்கிறது. அணைத்துப் போட்டால் திரும்பி வருகிறது. ஸ்மார்ட் அறிக்கையில் (டிரைவ் தன் உடல்நிலையைச் சொல்லும் அறிக்கை) குறை ஒன்றும் இல்லை. புது டிரைவ் போட்டும் அதே கதை. டைம் அவுட் நேரத்தைக் கூட்டிவிடலாமா?"

கூட்ட வேண்டாம், தம்பி. நல்ல நிலையில் உள்ள என்விஎம்இ டிரைவ் ஒரு கட்டளையை மில்லிநொடிக் கணக்கில் முடித்துவிடும். லினக்ஸ் அதற்கு 30 நொடி காத்திருக்கிறது. அதற்குள் வாய் திறக்காத டிரைவ் இரண்டு நிமிடத்தில் மட்டும் திறந்துவிடுமா? அலுவலகத்தில் எல்லோர் திரையும் அவ்வளவு நேரம் உறைந்து நிற்கும், அதுதான் மிச்சம். மேகக் கணினியில் வலையமைப்பு வழியாக வரும் டிஸ்குக்கு நேரத்தைக் கூட்டுவது உண்டு. அது வேறு விவகாரம்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பாதி விடை இருக்கிறது. புது டிரைவும் அதே இடத்தில் விழுகிறது என்றால் சந்தேகம் டிரைவைத் தாண்டிப் போக வேண்டும். ஆனால் எதையும் கழற்றும் முன் பேக்கப் எடுத்துவிடுங்கள். ரெய்டு இருக்கிறதே என்று இருந்துவிடாதீர்கள். 2019இல் எச்பிஇ நிறுவனம் தன் சில எஸ்ஏஎஸ் (சர்வர்களில் பயன்படும் இன்னொரு இணைப்பு வகை) எஸ்எஸ்டிகள் 32,768 மணி நேரம் ஓடியதும் நின்றுவிடும், தரவும் போய்விடும் என்று அறிவித்து, அவசரமாகப் புது ஃபர்ம்வேர் (டிரைவுக்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) கொடுத்தது. ஒரே நாளில் வாங்கி ஒரே நாளில் மாட்டிய இரண்டு டிரைவுக்கும் அந்த மணிக்கணக்கு ஒன்றாகத்தானே முடியும்? அப்போது ரெய்டு எதைக் காப்பாற்றும்? ஆகவே உங்கள் டிரைவின் ஃபர்ம்வேர் எண்ணையும் தயாரிப்பாளர் தளத்தில் ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள்.

இப்போது கெர்னல் பதிவுக்கு, அதாவது லினக்ஸின் மையப்பகுதி எழுதும் பதிவுக்கு, வருவோம். ரீசெட் செய்யப்போவதாகச் சொல்லும் வரியிலேயே சிஎஸ்டிஎஸ் என்று கன்ட்ரோலரின் (டிரைவை இயக்கும் சிப்) நிலையைக் காட்டும் ஒரு மதிப்பு இருக்கும். பலரும் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கு அதுதான் முதல் சாட்சி.  அங்கே 3 என்று இருந்தால் தனக்குள் பெரும் பிழை என்று கன்ட்ரோலரே அறிவிக்கிறது. ஃபர்ம்வேரையோ டிரைவையோ சந்தேகிக்கலாம். வரிசையாக எஃப் எஃப் என்று எட்டு எழுத்து நின்றால், கேட்ட இடத்தில் பதில் சொல்ல ஆளே இல்லை. டிரைவ், மதர்போர்டோடு தன்னைச் சேர்க்கும் பிசிஐஇ இணைப்பிலிருந்து விலகியிருக்கும், அல்லது தூக்கத்திலிருந்து எழாமல் கிடக்கும்.

அடுத்து, எத்தனை மணிக்கு விழுகிறது? யாரும் வேலை செய்யாத ஞாயிறு மதியத்தில் விழுந்தால் மின்சேமிப்புதான் என் முதல் சந்தேகம். ஏபிஎஸ்டி (டிரைவின் மின்சேமிப்பு), ஏஎஸ்பிஎம் (பிசிஐஇ இணைப்பின் மின்சேமிப்பு) இரண்டையும் கெர்னல் அளவுருக்களில் நிறுத்தி இரண்டு வாரம் ஓட விடுங்கள். புதிய கெர்னல்கள் எஃப் வரிக்கு அடியிலேயே அந்த அளவுருக்களை எழுதிக் காட்டுகின்றன. அப்படியே பார்த்து எழுதிக்கொள்ளலாம். திங்கள் பிறக்கும் நள்ளிரவை ஒட்டி விழுந்தால், வாரந்தோறும் டிரிம் செய்யும் (காலியான இடங்களை எஸ்எஸ்டிக்குத் தெரிவிக்கும்) டைமர் அந்த நேரத்தில்தான் ஓடுகிறது. அதைக் கையால் ஓட்டிப் பாருங்கள். உடனே விழுந்தால் குற்றவாளி கையும் களவுமாகப் பிடிபட்டான். இரவு பேக்கப் ஓடும்போது மட்டும் விழுந்தால் வெப்பத்தைப் பாருங்கள். ஜனவரி மாதக் கோடையில், டர்பனில், ஜன்னல் இல்லாத சாமான் அறையில் சர்வரை வைத்துவிட்டு எஸ்எஸ்டியைக் குறை சொல்லக் கூடாது.

மின்சாரத்தை நாம் மறக்க முடியுமா? 2022, 2023இல் ஆறாம் நிலை லோடு ஷெடிங் (முறைவைத்து மின்சாரத்தை நிறுத்துதல்) வரை அனுபவித்தவர்கள் நாம். அந்த நாட்களில் ஓயாமல் அணைந்து எரிந்த பவர் சப்ளைகள் பல இன்னும் வேலையில் இருக்கின்றன. ஸ்மார்ட் அறிக்கையில் 'பாதுகாப்பற்ற நிறுத்தங்கள்' என்ற பொருளில் ஓர் எண்ணிக்கை இருக்கும். இன்று குறித்து வையுங்கள். சர்வர் அணையாமலே அது ஏறினால், டிரைவுக்குப் போகும் மின்சாரம் நடுவில் அறுபடுகிறது என்று பொருள். நீங்கள் பார்த்த 'குறை ஒன்றும் இல்லை' என்ற வரி இதைச் சொல்லாது; முழு அறிக்கையையும் எடுக்க வேண்டும்.

இவை எதிலும் பிடிபடவில்லையா? இரண்டு டிரைவையும் இடம் மாற்றி மாட்டுங்கள். கோளாறு டிரைவோடு போகிறதா, ஸ்லாட்டிலேயே (டிரைவைச் செருகும் இடத்திலேயே) தங்குகிறதா என்று பாருங்கள். உங்கள் விஷயத்தில் தங்கும் என்றே நினைக்கிறேன். கடலோர ஊர், உப்புக் காற்று. ஸ்லாட்டின் தொடுமுனைகள் கறுத்திருக்கலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகு அழுத்தி மாட்டுங்கள். பதிவில் ஏஇஆர் என்று பிசிஐஇ பிழைகள் வந்துகொண்டே இருந்தால், பயாஸில் (கணினியின் தொடக்க அமைப்புத் திரை) அந்த ஸ்லாட்டின் பிசிஐஇ வேகத்தை ஒரு தலைமுறை கீழே இறக்குங்கள். வேகம் குறையும், கணக்கு மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. அப்படி இறக்கியதும் நின்றுவிட்டால் ரைசர் (ஸ்லாட்டை மதர்போர்டோடு சேர்க்கும் அட்டை) அல்லது மதர்போர்டுதான் கோளாறு. உத்தரவாதம் இன்னும் இருந்தால் ஏஇஆர் வரிகளை அச்செடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள். வெறுங்கையோடு போனால் இன்னொரு எஸ்எஸ்டியைத்தான் கொடுத்து அனுப்புவார்கள்.