பீரங்கி எதுக்கு, பன்னிக் கொழுப்பு இருக்கறப்போ?

நடுவர் அம்மாவுக்கு வணக்கம், எதிரணிக்கு வணக்கம், கடைசி வரிசைல டைஸ் உருட்டிக்கிட்டே கேக்குற பசங்களுக்கும் வணக்கம். டைஸ் உருட்டி ஆளாளுக்கு ஒரு கேரக்டரா ஆடற, மந்திரமும் டிராகனும் இருக்கற கேம் உலகத்துல கோட்டையை முற்றுகை போட வெடிமருந்து பீரங்கி வேணுமா, இல்ல கவணும் சுரங்கமும் மந்திரமுமே போதுமாங்கறதுதான் கேள்வி. நாங்க போதும்னு சொல்ற அணி.

எதிரணித் தலைவர் இப்பதான், 1453ல ஒட்டோமான் துருக்கியருங்க முற்றுகை போட்டுப் புடிச்ச கான்ஸ்டான்டிநோபிளைத் தூக்கிட்டு வந்து நம்ம முன்னாடி தொப்புன்னு போட்டுட்டு உக்காந்தாரு. ஆயிரம் வருஷம் நின்ன சுவராம், ஒர்பான்ங்கற ஹங்கேரிக்காரன் வார்த்த பீரங்கியாம், 500 கிலோவுக்கு மேல கல்லு குண்டாம். எல்லாம் கரெக்டுதான், சுவர் உடைஞ்சதும் உண்மைதான், நான் மறுக்கல. ஆனா அந்த பீரங்கியை இழுக்க 60 மாடு பூட்டினாங்கன்னு சொன்னாரா? ஒரு நாளைக்கு ஏழு தடவை சுட்டாலே பெருசுன்னு சொன்னாரா? பகல்ல இவங்க உடைக்கறதை ராத்திரி உள்ள இருக்கறவங்க மரத்தையும் மண்ணையும் போட்டு அடைச்சிட்டே இருந்தாங்க, அப்படியே 53 நாள் ஓடுச்சு, கடைசில ஆளுங்க ஏணியோட ஏறித்தான் ஊரைப் புடிச்சாங்க. இதையெல்லாம் விட்டுட்டு சத்தத்தை மட்டும் நமக்கு போட்டுக் காட்டினாரு.

சரி, வெடிமருந்து பொறந்த ஊருக்கே போவோம். சீனாவுல சியாங்யாங்ங்கற கோட்டை ஊரு. அதைக் காத்த சீன சோங் அரசோட படைகிட்ட வெடிமருந்து இருந்துச்சு, வெடிகுண்டு இருந்துச்சு. மங்கோலியருங்க வருஷக்கணக்கா வெளியவே கெடந்தாங்க. கடைசில மங்கோலிய ராஜா குப்ளாய் கான் வெளிநாட்டுல இருந்து ரெண்டு முஸ்லிம் இன்ஜினியர்களை வரவழைச்சாரு, அவங்க கட்டினது ட்ரெபுஷே, அதாங்க ஒரு பக்கம் பெரிய எடை தொங்கும், அது கீழ விழ விழ நீளக் கை மேல எகிறி கல்லை வீசும், அந்தக் கவண். 1273ல ஊரு சரண்டர். வெடிமருந்து வெச்சிருந்தவன் தோத்தான், மரமும் எடையும் வெச்சிருந்தவன் ஜெயிச்சான். இதுக்கு எதிரணி என்ன சொல்லப் போறாங்கன்னு நானும் காத்துட்டுதான் இருக்கேன்.

ரெண்டாவது பேசின தம்பி ரூல்புக்கோட வந்தாரு. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்ங்கற கேமோட 2014 ரூல்ஸ்ல பீரங்கி 600 அடி, ட்ரெபுஷே 300 அடி, ரேஞ்சு டபுள்னாரு. ஒத்துக்கறேன். ஆனா தம்பி அட்டவணைல அடுத்த பத்தியை மட்டும் கையால மறைச்சிட்டு படிச்சாரு. டேமேஜ் என்ன? பீரங்கிக்கு 8டி10, அதாவது பத்து முக டைஸ் எட்டை உருட்டி வர்ற கூட்டுத்தொகை. ட்ரெபுஷேக்கு? அதே 8டி10! அப்புறம் அந்த ரூல்ல பீரங்கியை லோடு பண்ண ஒரு ஆக்‌ஷன், குறி பாக்க ஒண்ணு, சுட ஒண்ணு, மூணு ஆள் ஆளுக்கு ஒண்ணு செஞ்சா ஒரு ரவுண்டுக்கு, அதாவது ஆறு செகண்டுக்கு ஒரு குண்டு போயிட்டே இருக்கும். ஒர்பானோட ஆளுங்க நாளைக்கு ஏழு குண்டுக்கே படாதபாடு பட்டாங்க. பீரங்கி வந்தாதான் ரியலிசம் வரும்னு இவங்க சொல்றாங்க, எந்த ரியலிசம்னு எனக்குப் புரியல.

ரியலிசம் வேணும்னா வெடியுப்புலேர்ந்து ஆரம்பிங்க. நல்ல வெடிமருந்துல முக்கால் பங்கு வெடியுப்பு, மிச்சம்தான் கரியும் கந்தகமும். ஐரோப்பால அந்த வெடியுப்பை எங்கேர்ந்து எடுத்தாங்க? சாணியும் மூத்திரமும் ஊறின மண்ணுலேர்ந்து. மாசக்கணக்கா மக்க வெச்சு, கழுவி, காய்ச்சி எடுக்கணும். உங்க கேம்ல வர்ற எல்ஃப் இனத்து ராஜ்ஜியத்துல இந்த குழியை யாரு தோண்டுறா சொல்லுங்க? தொடர்கதையா ஆடற ஒரு கேம்பெய்ன்லயாவது சாணிக்குழி மேஸ்திரின்னு ஒரு கேரக்டர் பாத்திருக்கீங்களா? நான் பாத்ததில்ல. சத்தியமா இருந்தா நானே எடுத்து ஆடுவேன்.

அப்புறம் இன்னொண்ணு, சொந்த பீரங்கியே கொல்லும். ஸ்காட்லாந்து ராஜா ரெண்டாம் ஜேம்ஸுக்கு பீரங்கின்னா உசிரு. 1460ல ராக்ஸ்பரோ கோட்டையை முற்றுகை போட்டப்ப பக்கத்துல நின்னு பாத்தாரு, அவரோட பீரங்கியே வெடிச்சு அங்கயே போயிட்டாரு. அங்க எதிரிகிட்ட மந்திரவாதி கூட கெடையாது.

இப்ப சுரங்கத்துக்கு வரேன், எனக்கு ரொம்ப புடிச்ச விஷயம், நடுவர் அம்மா மணியை கொஞ்சம் கீழ வெச்சுடுங்க. 1215, இங்கிலாந்துல ராச்செஸ்டர் கோட்டை. ஜான் ராஜா கல்லெறிப் பொறியால அடிச்சு அடிச்சுப் பாத்தாரு, ஒண்ணும் வேலைக்காகல. உடனே கோபுரத்து மூலைக்கு கீழ சுரங்கம் தோண்டி, மரக்கட்டை முட்டு குடுத்து நிறுத்தி, 40 கொழுத்த பன்னி அனுப்புங்கன்னு ஓலை விட்டாரு, அதுவும் சாப்பிட லாயக்கில்லாததா பாத்து! அந்தக் கொழுப்பை வெச்சு முட்டுக்கு தீ வெச்சாங்க, கட்டை எரிஞ்சுது, மூலை அப்படியே சரிஞ்சுது. அப்பவும் உள்ள இருந்தவங்க விடல, நடுச்சுவருக்குப் பின்னாடி போய் நின்னு சண்டை போட்டாங்க, கடைசில பசிதான் அவங்களை வெளிய கொண்டு வந்துச்சு. இதுல எத்தனை சீன் இருக்குன்னு பாருங்க. பன்னி ஓட்டிட்டு வர்றது ஒரு செஷன், அதாவது ஒரு தடவை உக்காந்து ஆடற ஆட்டம். குள்ள ட்வார்ஃப் இனத்தான் தோண்டுறது ஒரு செஷன். உள்ள இருக்கறவன் தரைல தண்ணிக் கிண்ணம் வெச்சு, தண்ணி ஆடுதான்னு பாத்து, எதிர்ச்சுரங்கம் தோண்டி இருட்டுல மூஞ்சிக்கு மூஞ்சி மோதுறது ஒரு செஷன். பீரங்கில என்ன இருக்கு? "சுட்டேன்." "இருபது டேமேஜ்." "திரும்ப சுட்டேன்." எங்க டேபிள்ல ஒருதடவை ஆட்டத்தை நடத்தற டிஎம் ஆசைப்பட்டு பீரங்கி குடுத்தாரு, மூணாவது ரவுண்டுல பாதி பேரு போனை எடுத்துட்டாங்க.

மந்திரவாதிங்க அபூர்வம், ஊருக்கு ஒருத்தன்தான் இருப்பான், அதனால சாதாரண படைக்கு பீரங்கிதான் கதின்னு மூணாவது பேசின அக்கா சொன்னாங்க. நல்ல பாயிண்டுதான். கோட்டைச் சுவர்ல பத்தடிக்கு பத்தடி ஓட்டை போடற டிஸின்டக்ரேட் மாதிரி ஆறாம் லெவல் ஸ்பெல் போட ஆள் கிடைக்கறது கஷ்டம், அது எங்களுக்கும் கஷ்டம்தான், அதனாலதான் நான் பன்னி வரைக்கும் இறங்கி வந்தேன். ஆனா அக்கா, உங்க பீரங்கியை நிறுத்த அவ்வளவு பெரிய ஆள் தேவையே இல்லயே. நெருப்பை வீசற ஃபயர் போல்ட் ஒரு கேன்ட்ரிப், அதாவது ரொம்ப சின்ன மந்திரம், நேத்து சேந்த சீடனுக்கே தெரியும், 120 அடி போகும், யாரும் கைல வெச்சிருக்காத, தீப்பிடிக்கற எந்த பொருள் மேல பட்டாலும் பத்திக்கும். ஒரு வெடிமருந்துப் பீப்பா வெடிச்சா பத்தடிக்குள்ள இருக்கறவனுக்கு 7டி6 டேமேஜ், இதுவும் தம்பி கொண்டு வந்த அதே புக்குலதான் இருக்கு. எங்க ட்ரெபுஷே மேல அதே ஃபயர் போல்ட் பட்டா மரம் மெதுவா எரியும், ஒரு வாளி தண்ணி ஊத்தி அணைச்சிட்டு வேலையைப் பாப்போம்.

அதனால எதிரணிக்கு ஒரே ஒரு கேள்வி வெச்சுட்டு உக்காந்துடறேன். முற்றுகை மாசக்கணக்குல போகும், மழை பேயும், உள்ள ஒரு சீடப் பையன் தூக்கம் வராம சுவர் மேல உலாத்திட்டு இருப்பான், ராத்திரி இருட்டுல அவன் இறங்கி வந்தாலும் வருவான். அந்த பீப்பாயெல்லாம் எங்கங்க வைப்பீங்க?