ஒரு யூனிட்டின் எடை

அவையோருக்கு வணக்கம். எரிசக்தி பற்றிப் பேச அழைத்திருக்கிறீர்கள். கதிரொளி, காற்று, அணு என்று வரிசையாக ஒப்பித்துவிட்டுப் போவது எனக்கு எளிது. உங்களுக்குத் தூக்கம் வந்துவிடும். ஆகவே ஒரே ஒரு யூனிட் மின்சாரத்தை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி. ஆயிரம் லிட்டர் தண்ணீரை 360 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடும் ஆற்றல் அது. உடம்பால் அதைச் செய்ய முடியுமா? திடமான ஆள் ஒருவர் சைக்கிள் மிதித்து ஏறக்குறைய 100 வாட் தரலாம். பத்து மணி நேரம் நிற்காமல் மிதித்தால் ஒரு யூனிட். 2,000 வாட் வாட்டர் ஹீட்டர் அதை அரை மணியில் குடித்துவிடும்.

அந்த யூனிட் நிலக்கரியிலிருந்து வந்திருந்தால், நல்ல கரியானாலும் அரைக் கிலோ அளவுக்கு எரிந்திருக்கும். அதன் வெப்பத்தில் மூன்றில் ஒரு பங்கோ சற்றுக் கூடுதலோதான் மின்சாரமாகும். மிச்சம் குளிர்விப்புக் கோபுரத்திலும் புகைபோக்கியிலும் வீணாகும். வெளியேறும் கரியமில வாயுவோ ஏறத்தாழ ஒரு கிலோ! அரைக் கிலோ எரித்தால் ஒரு கிலோ எப்படி வரும்? ஒவ்வொரு கார்பன் அணுவும் காற்றிலிருந்து இரண்டு ஆக்சிஜன் அணுக்களைச் சேர்த்துக்கொள்கிறது. 12 என்ற எடை 44 ஆகிறது. இந்தக் குப்பை கண்ணுக்குத் தெரிந்திருந்தால் இந்நேரம் தெருவில் நடக்க இடமிருக்காது.

கதிரொளி யூனிட்டில் இந்தப் புகை இல்லை. அங்கே சிக்கல் வேறு: நேரம். நண்பகலில் மிஞ்சுவது இரவு எட்டு மணிக்குக் கிடைக்காது. காற்றும் அப்படித்தான், வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒன்றாகிவிடும். பேட்டரியில் சேமிக்கலாம். மேலணைக்குத் தண்ணீரை ஏற்றி, வேண்டியபோது இறக்கி மின்சாரம் எடுக்கலாம். நான்கு யூனிட் போட்டால் ஏறக்குறைய மூன்று திரும்பும். எப்படியும் கொஞ்சம் கழிவு உண்டு. அதனால்தான் சொல்கிறேன், தண்ணீர் இறைப்பதையும் துணி துவைப்பதையும் வண்டிக்குச் சார்ஜ் போடுவதையும் வெயில் இருக்கும்போதே முடித்துவிடுங்கள். அதைவிட மலிவான பேட்டரி எனக்குத் தெரிந்து இல்லை.

"சிக்கனமான கருவிகள்தான் வந்துவிட்டனவே" என்று சிலர் நினைக்கலாம். ஜெவன்ஸ் என்ற ஆங்கிலேயப் பொருளியலாளர் 1865-இலேயே இதற்குப் பதில் சொல்லிவிட்டார். ஜேம்ஸ் வாட்டின் நீராவி இயந்திரம் குறைந்த கரியில் நிறைய வேலை செய்தது. இயக்குவது மலிவானதும் இயந்திரங்கள் பெருகின. நாட்டின் கரிச் செலவு ஏறியது.

எல்.இ.டி. விளக்கையே பாருங்கள். 60 வாட் குண்டு பல்பின் வெளிச்சத்தை 9 வாட்டில் தருகிறது. அருமையான பொருள், குறை சொல்ல மாட்டேன். ஆனால் ஒரு பல்பு தொங்கிய கூரையில் இன்று பன்னிரண்டு பதித்து வைக்கிறோம். பன்னிரண்டும் எரிந்தால் 108 வாட். நம் சைக்கிள்காரரால் அதைக்கூட மிதித்துத் தர முடியாது.