படிச்சது எங்கயும் போகல

எல்லாருக்கும் வணக்கம். பரீட்சை டென்ஷன் பத்தி பேசணும்னு கூப்பிட்டப்ப எனக்கு உடனே ஒரு பொண்ணு முகம்தான் ஞாபகம் வந்துச்சு. நான் காலேஜ்ல பாடம் எடுக்குறேன், செமஸ்டர் எக்ஸாம் வந்தா ஹால்ல சூப்பர்விஷனுக்கும் நிப்பேன். அன்னைக்கு கொஸ்டின் பேப்பர் குடுத்து பத்து நிமிஷம் ஆயிடுச்சு, மத்த எல்லாரும் குனிஞ்சு எழுதிட்டு இருக்காங்க, இந்தப் பொண்ணு மட்டும் அப்படியே உக்காந்திருக்கு. பக்கத்துல போய் பாத்தா முதல் பக்கத்துல ரெஜிஸ்டர் நம்பர் எழுதுற கட்டத்துல ரெண்டு நம்பர அடிச்சு மாத்தி எழுதியிருக்கு. தன்னோட நம்பரே தப்பா வருது. பேனாவ அழுத்திப் பிடிச்சதுல விரல் நுனியெல்லாம் வெளுத்துப் போயிருக்கு. என்னம்மா ஆச்சுன்னு மெதுவா கேட்டேன், "எல்லாம் படிச்சேன் மேடம், ஒண்ணுமே வரமாட்டேங்குது"ன்னு சொல்லிட்டு கண்ணு கலங்கிடுச்சு.

அந்தப் பொண்ணு "தெரியல"ன்னு சொல்லல, "வரமாட்டேங்குது"ன்னு சொல்லுச்சு. இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்குற வித்தியாசத்தத்தான் இன்னைக்கு பேசலாம்னு வந்திருக்கேன்.

பயம் வந்தா உடம்பு என்ன பண்ணும்? அட்ரினலின் சுரக்கும், நெஞ்சு படபடன்னு அடிக்கும், கை சில்லுனு ஆயிடும், கொஞ்ச நேரத்துல கார்ட்டிசால்னு இன்னொரு ஹார்மோனும் ஏறும். ஓடணும், தப்பிக்கணும்னா இதெல்லாம் ரொம்ப உதவி. ஆனா மூணு மாசம் முன்னாடி படிச்ச ஒரு டெரிவேஷன நிதானமா தேடி எடுக்கணும்னா இதுவே குறுக்க வந்து நிக்கும். 2000ல சுவிட்சர்லாந்து ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனை பண்ணாங்க. ஆட்கள வார்த்தைகள மனப்பாடம் பண்ண சொல்லி, மறுநாள் கேட்டாங்க. கார்ட்டிசால் மாதிரியே வேலை செய்யுற மாத்திரைய சில பேருக்கு படிக்கிறதுக்கு முன்னாடி குடுத்தாங்க, சில பேருக்கு படிச்ச உடனே, சில பேருக்கு மறுநாள் கேள்வி கேக்குறதுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி. யாருக்கு ஞாபகம் குறைஞ்சுதுன்னா, கடைசியா சொன்ன இவங்களுக்கு மட்டும்தான். அப்போ உள்ள போனது அழியல, வெளிய எடுக்குற வழிதான் அந்த நேரத்துக்கு அடைபடுது. ஹால்ல மூளை காலியான மாதிரி ஆகுறப்ப இத நெனைச்சுக்கோங்க, நீங்க முட்டாளும் இல்ல, இத்தனை நாள் படிச்சது வீணும் இல்ல.

சரி, அந்த வழி அடைபடாம இருக்க என்ன செய்யுறது? இங்கதான் நம்ம படிக்கிற விதத்த கொஞ்சம் பாக்கணும்.

நான் ரெண்டாவது வருஷம் படிக்கிறப்ப ஒரு பேப்பர்ல ஃபெயில் ஆனேன். நோட்ஸ அஞ்சு தடவை படிச்சிருந்தேன், முக்கியமானதுக்கெல்லாம் மஞ்சக் கலர் அடிச்சு வச்சிருந்தேன். ஹால்ல கேள்விய பாத்ததும் அந்தப் பக்கம் கண்ணு முன்னாடி வருது, இடது பக்கம் கீழ ஒரு படம், அதுக்கு மேல மஞ்சள்ல நாலு வரி, எல்லாம் தெரியுது, ஆனா அந்த நாலு வரில என்ன இருக்குன்னு மட்டும் வரல. ரொம்ப நாள் கழிச்சுதான் ஏன்னு புரிஞ்சுது. நான் அஞ்சு தடவையும் உள்ள போட்டுக்கிட்டே இருந்திருக்கேன், ஒரு தடவை கூட வெளிய எடுத்துப் பாக்கல. திரும்பத் திரும்ப படிக்கிறப்ப எல்லாமே தெரிஞ்ச மாதிரி இருக்கும், ஏன்னா பதில் கண்ணு முன்னாடியே இருக்குல்ல.

2006ல ரோடிகர், கார்ப்பிக்கேன்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் இத அளந்தே காட்டுனாங்க. ஒரு குரூப் ஒரு பாடத்த நாலு தடவை படிச்சாங்க. இன்னொரு குரூப் ஒரே தடவை படிச்சிட்டு, மூணு தடவை பாக்காம ஞாபகத்துல இருந்து எழுதுனாங்க. அஞ்சு நிமிஷம் கழிச்சு கேட்டப்ப நாலு தடவை படிச்சவங்கதான் ஜெயிச்சாங்க. ஒரு வாரம் கழிச்சு கேட்டா, அவங்களுக்கு 40% ஞாபகம் இருக்கு, எழுதிப் பாத்தவங்களுக்கு 61%. பரீட்சைக்கு முந்துன நாள் எல்லாம் தெரியுதுன்னு தோணுறதும் அப்புறம் கைவிட்டுப் போறதும் இதனாலதான். இன்னும் பத்து வருஷம் கழிச்சு, 2016ல, அமெரிக்காவுல இருக்குற டஃப்ட்ஸ் யுனிவர்சிட்டில இதோட ஸ்ட்ரெஸ்ஸையும் சேத்து பாத்தாங்க. படிச்ச மறுநாள் ஆட்கள வேணும்னே டென்ஷன் ஆக்கிவிட்டு டெஸ்ட் வச்சாங்க. திரும்பத் திரும்ப படிச்சவங்களுக்கு அந்த டென்ஷன்ல ஞாபகம் குறைஞ்சுது, பாக்காம எழுதிப் பழகினவங்களுக்கு குறையல. எனக்கு இது பெரிய ஆறுதலா இருந்துச்சு, ஏன்னா டென்ஷனே வரக்கூடாதுன்னு யாராலயும் இருக்க முடியாது, டென்ஷன் வந்தாலும் கை எழுதணும், அதுக்கு ஒரு வழி இருக்குன்னு இது சொல்லுது.

அதனால ஒரு யூனிட் முடிச்சதும் புக்க மூடிட்டு ஒரு வெள்ளைத் தாள்ல தெரிஞ்சத எழுதுங்க. மொத தடவை அரைப் பக்கம் கூட வராது, மனசு கஷ்டமா இருக்கும், அந்த கஷ்டம் வீட்ல மேசைல வர்றது நல்லது, ஹால்ல வர்றதுக்கு பதிலா. விட்டுப் போனத மட்டும் திறந்து பாத்துட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி எழுதுங்க. வாரத்துக்கு ஒரு தடவையாவது பழைய கொஸ்டின் பேப்பர எடுத்து கடிகாரத்த வச்சு, ஃபோன வேற ரூம்ல வச்சிட்டு உக்காருங்க.

தூக்கம் பத்தி சொல்லாம போக முடியாது. பகல்ல படிச்சத மூளை கெட்டிப்படுத்தி வைக்கிற வேலையில பெரும்பங்கு தூக்கத்துலதான் நடக்குது, ராத்திரி முழுக்க முழிச்சிருந்தா படிச்சதையும் சேத்து நாமளே பிடுங்கிப் போடுறோம். காபிக்கும் இதுல பங்கு இருக்கு, குடிச்ச கஃபீன்ல பாதி உடம்ப விட்டுப் போக சுமாரா அஞ்சு மணி நேரம் ஆகும், சாயங்காலம் 6 மணிக்கு குடிச்சா 11 மணிக்கும் பாதி உள்ளயே இருக்கும்.

அந்தப் பொண்ணு கதைக்கு வர்றேன். பேனாவ கீழ வை, மூச்ச நாலு எண்ணி இழு, ஆறு எட்டு எண்ணி மெதுவா விடுன்னு சொன்னேன். மூச்ச வெளிய விடுறப்ப இதயத் துடிப்பு தானா கொஞ்சம் இறங்கும், அதனால விடுறத நீட்டுனா உடம்பு அடங்க ஆரம்பிக்கும். அப்புறம் முதல் கேள்விய விட்டுட்டு, எது கொஞ்சமாச்சும் தெரியுதோ அத தேடி ஒரே ஒரு வரி எழுதச் சொன்னேன். எட்டாவது கேள்வியில ஆரம்பிச்சுது. முதல் ரெண்டு வரி எழுத்து நடுங்கிக் கோணலா இருந்துச்சு, நான் ஒரு சுத்து போய்ட்டு வர்றதுக்குள்ள எழுத்து நேராயிடுச்சு.

ஆனா எல்லாரோட பயமும் மூச்சப் பிடிச்சு விட்டா போறது இல்ல. வாரக்கணக்கா தூக்கம் இல்ல, சாப்பாடு இறங்கல, காரணமே இல்லாம அழுகை வருது, இருந்து என்ன பிரயோஜனம்னு தோணுதுன்னா தயவு செஞ்சு எக்ஸாம் முடியட்டும்னு காத்திருக்காதீங்க. இன்னைக்கே ஒருத்தர்கிட்ட வாய விட்டு சொல்லுங்க, காலேஜ் கவுன்சிலர், டாக்டர், உங்களுக்குப் பிடிச்ச ஒரு டீச்சர், ரூம்மேட், யாரா இருந்தாலும் சரி. ஒரு பேப்பர மறுபடி எழுதிக்கலாம், நான் எழுதியிருக்கேன்.

கேட்டுட்டு இருக்குற அப்பா அம்மாக்கு ஒரே ஒரு விஷயம். பரீட்சை முடிச்சு பிள்ளை வெளிய வந்து ஃபோன் பண்ணும், குரல் ஒரு மாதிரி இருக்கும். "எப்படி எழுதுன, எவ்வளவு வரும்"னு கேட்டுடாதீங்க. சாப்பிட்டியான்னு கேளுங்க, நேத்து தூங்குனியான்னு கேளுங்க, அப்புறம் அது பேசுற வரைக்கும் லைன்ல சும்மா இருங்க.

வணக்கம்.